சாலையோரப் புளியமரங்களுக்கு ஈடாக ஒன்றுக்குப் பத்துக் கன்றுகள்: இந்தக் கணக்கு சரியா?

கரந்தமலை
ஜூலை 6, இரவு 8.15

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ள எங்கள் ஊரைப் பெரிய சாலையோடு இணைக்கும் 6 கிலோமீட்டர் வழியின் இருபுறமும் புளியமரங்கள் நிற்கின்றன. யார் நட்டது என்று சொல்லக்கூடியவர்கள் இப்போது உயிரோடு இல்லை. என் தந்தையார் பள்ளிக்கு நடந்துபோன காலத்திலேயே அவை பெரிய மரங்களாக இருந்தன என்று அவர் சொல்லியிருக்கிறார். சென்ற மாதம் அத்தனை மரங்களிலும் சிவப்பு வண்ணத்தில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தே எண்ணிப் பார்த்தோம். மொத்தம் 212 மரங்கள். நெஞ்சளவு உயரத்தில் நாடாவைச் சுற்றி அளந்தபோது பெரிய மரத்தின் சுற்றளவு 4 மீட்டரைத் தாண்டியது.

ஐந்தரை மீட்டர் அகலமுள்ள சாலையைப் பத்து மீட்டராக்கப் போகிறார்கள். அதற்கு நான் எதிரியல்லன். மழைக்காலத்தில் ஆம்புலன்சும் கரும்பு ஏற்றிய டிராக்டரும் எதிரெதிரே வந்து நின்று, உள்ளே இருந்த பிரசவத் தாய் துடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஊரில் நடந்த விளக்கக் கூட்டத்தில், "ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நட்டுத் தருகிறோம், 212 போய் 2,120 வரும், உங்களுக்கு லாபம்தானே" என்று சொன்னபோது என் மனம் அதை ஏற்கவில்லை. எழுந்து, மரங்கள் நமக்கு ஆக்சிஜன் தருகின்றன என்று தொடங்கினேன். உடனே ஒருவர், "ஒருபக்கம் சிறுமலை, மறுபக்கம் கரந்தமலை, இவ்வளவு காடு இருக்கும்போது இந்த 212 மரத்தை நம்பியா மூச்சு விடுகிறீர்கள்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மறுமொழி தெரியவில்லை. அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் மீண்டும் பேச வாய்ப்பு இருக்கிறது. உணர்ச்சியாக மட்டும் பேசாமல், வளர்ந்த ஒரு மரம் ஒரு சாலைக்கும் ஊருக்கும் உண்மையில் என்ன செய்கிறது, பத்துக் கன்றுகள் அதற்கு ஈடாகுமா, ஆகாது என்றால் நாங்கள் எதைக் கேட்பது நியாயம் என்பதை அறிந்தவர்கள் சொல்லித் தர வேண்டுகிறேன்.


தாவரவியல் ஆசிரியை
ஜூலை 6, இரவு 10.02

ஐயா, கூட்டத்தில் உங்களை மடக்கியவரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆகவே முதலில் அந்த ஆக்சிஜன் வாதத்தை நீங்களே விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கிறது. அது கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இருப்பு. ஆண்டுதோறும் புதிதாக உருவாவதிலும் ஏறத்தாழப் பாதி கடலில் வாழும் நுண்ணுயிர்ப் பாசிகளிடமிருந்து வருகிறது. 212 மரங்கள் போனால் எவருக்கும் மூச்சுத் திணறாது. அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் விடும் என்று பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லும் வழக்கமும் தவறானது. ஒளி இல்லாமல் எந்த மரமும் ஆக்சிஜன் வெளியிடாது. பிழையான காரணத்தைச் சொல்லி நல்லதொன்றைக் காக்கப் போனால், அந்தக் காரணம் உடையும்போது நல்லதும் சேர்ந்து உடைந்துவிடுகிறது. உங்களுக்கு அன்று நேர்ந்தது அதுதான்.

மரத்தின் பயன் பெரும்பாலும் அது நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது. உலகக் காற்றைப் பற்றிப் பேசுவதை விட்டு, அந்த 6 கிலோமீட்டரைப் பற்றிப் பேசுங்கள். சித்திரை வெயிலில் திறந்த தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியசைத் தொடும். பக்கத்திலேயே அடர்ந்த நிழலில் இருக்கும் தார் அந்தச் சூட்டை அடைவதே இல்லை. வெயிலில் நடப்பவரின் உடலுக்குக் காற்றின் வெப்பம் ஒரு பங்கு என்றால், மேலிருந்து விழும் கதிரும் கீழிருந்து எழும் அனலும் இன்னொரு பெரிய பங்கு. நிழல் இவை இரண்டையும் ஒருசேர நிறுத்துகிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. நடந்தும் இரு சக்கர வண்டியிலும் செல்பவர்களே மிகுந்த ஒரு சாலையில், ஒருவர் செலவின்றிப் பெறக்கூடிய வெப்பப் பாதுகாப்பு அந்த மரவரிசை மட்டுமே.

இரண்டாவது, நீராவிப்போக்கு. வேர் உறிஞ்சிய நீரை இலைகள் ஆவியாக விடுகின்றன. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 0.67 மின் யூனிட்டுக்குச் சமமான வெப்பம் தேவைப்படுகிறது. அந்த வெப்பத்தை மரம் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் தன் இலைகளில் விழும் வெயிலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. நிலத்தில் ஈரம் இருக்கும் நாளில் பெரிய மரம் ஒன்று 100 லிட்டர் நீரை ஆவியாக்குகிறது என்று வைத்துக்கொண்டால், அது 67 யூனிட் வெப்பத்தை அகற்றுகிறது. ஒரு டன் திறனுள்ள ஏ.சி. இயந்திரம் ஒன்றை 19 மணி நேரம் ஓட்டினால்தான் அவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற முடியும். நிலம் வறண்டிருக்கும் கோடையில் இந்த அளவு குறையும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனாலும் புளியமரத்தின் வேர் ஆழமாகச் செல்வதால், மேல்மண் காய்ந்த பிறகும் அது தழைத்து நிற்கிறது. கடும் கோடையிலும் முற்றிலும் மொட்டையாகி நிற்கும் புளியமரத்தை நம் பக்கத்தில் காண்பது அரிது.

இப்போது அந்த ஒன்றுக்குப் பத்து என்ற கணக்குக்கு வருகிறேன். மரங்களை ஏன் எண்ணிக்கையால் அளக்க வேண்டும் என்பதே என் கேள்வி. நிழலை அளப்போம். கவிகை, அதாவது கிளைகள் விரிந்த குடைப் பகுதி, 15 மீட்டர் குறுக்களவு உள்ள ஒரு புளியமரம் 176 சதுர மீட்டர் தரையை மூடுகிறது. புதிதாக நட்ட கன்றின் குடை ஒரு மீட்டர் இருந்தால் அதன் பரப்பு 0.8 சதுர மீட்டருக்கும் குறைவு. பத்துக் கன்றுகளையும் சேர்த்தால் 8 சதுர மீட்டர்கூட வராது. அதாவது, வெட்டும் நாளன்று நீங்கள் இழப்பது 176, பெறுவது 8. ஐந்தாண்டுகளில் பத்தும் பிழைத்து ஒவ்வொன்றும் 3 மீட்டர் விரிந்தாலும் 70 சதுர மீட்டர்தான் தேறும். பாதி பட்டுப்போனால் 35. அந்தக் கன்றுகளும் சாலையோரத்தில் இல்லாமல் எங்கோ ஒரு புறம்போக்கில் நடப்பட்டால், உங்கள் சாலையில் விழும் நிழல் சுழியம். இந்த எண்களைப் பெரிய தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கிராம சபையில் காட்டுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூட சரிபார்க்கக்கூடிய கணக்கு இது.

கரிமத்துக்கும், அதாவது கார்பனுக்கும், இதே நிலைதான். காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். மூன்று டன் உலர் எடையுள்ள மரத்தில் ஒன்றரை டன் கரிமம் அடங்கியிருக்கிறது. விறகாக எரிந்தால் அது ஐந்தரை டன் கார்பன் டை ஆக்சைடாக ஒரே பருவத்தில் வெளியேறும். கன்றுகள் அதை மீண்டும் சேர்க்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.

கன்றுகளால் தரவே முடியாத ஒன்றும் உண்டு. பொந்து. புள்ளி ஆந்தையும் மைனாவும் பச்சைக்கிளியும் கூடு வைக்க, கிளை முறிந்து உள்ளே உளுத்த முதிய அடிமரம் வேண்டும். மரம் பல பத்தாண்டுகள் கடந்த பின்னரே அத்தகைய பொந்து உருவாகிறது. அந்த ஆந்தைகள் இரவில் உங்கள் வயல்களில்தான் எலியும் வண்டும் பிடிக்கின்றன. உழவர்கள் நிறைந்த சபையில் இதைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன்.


புளிச்சந்தை
ஜூலை 7, காலை 6.40

அம்மா எழுதிய கணக்கைப் படித்தேன். அதில் வராத ஒரு கணக்கை நான் சேர்க்கிறேன். என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சாலையோரப் புளியமரங்களின் மகசூலை ஏலம் எடுத்தவர். நான் அந்த வருமானத்தில் படித்தவள்.

சாலைப் புளிக்கு ஆண்டுதோறும் ஏலம் நடக்கும். சிலருக்குப் புறம்போக்கில் உள்ள மரத்தை அனுபவிக்க 2சி பட்டா உண்டு. தை மாதம் தொடங்கிச் சித்திரை வரை அறுவடை. மேலே ஏறி உலுக்குவதற்கு ஆண்கள் இருவர் மூவர் போதும். கீழே பொறுக்குவதும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஓடு நீக்கி, நார் எடுத்து, கொட்டை தட்டுவதும் முழுக்கப் பெண்களின் வேலை. வயலில் வேலை குறைந்த அந்த மூன்று மாதங்களில், வீட்டை விட்டு வெளியே போக இயலாத முதிய பெண்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் கூலி கிடைத்தது இந்தக் கொட்டை தட்டும் வேலையில்தான். நன்றாகக் காய்க்கும் முதிர்ந்த மரம் ஓராண்டில் 150 கிலோவுக்கும் மேல் பழம் கொடுக்கும். ஓராண்டு விட்டு ஓராண்டு காய்ப்பு குறையும் என்பதையும் சேர்த்துத்தான் ஏலம் கேட்பார்கள். கொட்டையும் வீணாவதில்லை. அதை வறுத்துத் தோல் நீக்கி அரைத்த மாவு நூலுக்குக் கஞ்சி போடப் போகிறது. ஓடு அடுப்புக்குப் போகும்.

விதையிலிருந்து வளர்க்கும் புளி காய்க்க எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும். பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 போன்ற ஒட்டுக் கன்று நான்காம் ஆண்டிலேயே பூக்கும். ஆனால் அது தோட்டத்துக்கு ஏற்றது. சாலைக்கு நிழல் தரும் உயரத்துக்கு அதை வளர்க்கும் நோக்கம் யாருக்கும் இராது. எனவே 212 மரங்கள் போனால், உங்கள் ஊரில் எத்தனை வீட்டில் எத்தனை நாள் கூலி போகும் என்பதை நீங்களே வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். அந்தப் பெண்களைக் கிராம சபைக்கு அழைத்து வாருங்கள். விளக்கக் கூட்டத்தில் அவர்களில் ஒருவராவது இருந்தார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

புளியமரத்தடியில் உறங்கினால் பேய் பிடிக்கும் என்று என் அப்பத்தா சொல்வார். ஆனால் பகலில் அந்த நிழலில்தான் அவர் நாள் முழுவதும் உட்கார்ந்து பழம் பொறுக்கினார்.


ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்
ஜூலை 7, மாலை 4.25

நான் மறுபக்கத்தில் நின்றவன். பணிக்காலத்தில் என் கையெழுத்திலேயே பல மரங்கள் விழுந்திருக்கின்றன. அதை மறைக்க விரும்பவில்லை. ஆகையால் சாலைத் தரப்பின் நியாயத்தையும் கேளுங்கள். தார் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் நிற்கும் நாலு மீட்டர் சுற்றளவு மரம், இரவில் தடம் மாறும் வண்டிக்கு ஒரு கற்சுவருக்குச் சமம். விபத்து நடந்த இடத்துக்குப் போய் நின்று பார்த்தவனுக்கு அது மறப்பதில்லை. ஆகவே ஒரு மரத்தையும் தொடக்கூடாது என்ற நிலையை எடுக்காதீர்கள். வளைவின் உட்புறத்தில் நின்று எதிர்வரும் வண்டியை மறைக்கும் மரங்களை விட்டுக்கொடுங்கள். அவற்றை நீங்களே அடையாளம் காட்டினால் உங்கள் சொல்லுக்கு மதிப்பு கூடும்.

ஆனால் இருபுறமும் வெட்டித்தான் ஆக வேண்டும் என்பது உண்மையன்று. ஐந்தரை மீட்டரைப் பத்தாக்க நாலரை மீட்டர் கூடுதல் அகலம் வேண்டும். பழைய சாலையின் நடுக்கோட்டை அப்படியே வைத்துக்கொண்டு இருபுறமும் இரண்டேகால் மீட்டர் எடுத்தால் இரண்டு வரிசை மரங்களும் போகும். நடுக்கோட்டை ஒருபக்கமாக நகர்த்தி, நாலரை மீட்டரையும் ஒரே புறத்தில் எடுத்தால் ஒரு வரிசை முழுவதும் தப்பும். ஒருபுற விரிவாக்கம் என்று நாங்கள் சொல்லும் இந்த முறை புதியதன்று, எந்தப் பொறியாளருக்கும் தெரியும். பின்பு ஏன் இருபுறமும் எடுக்கிறார்கள் என்றால், பழைய சாலையின் அடித்தளம் நடுவில் கெட்டியாக அமைந்துவிட்டது, வரைபடம் போடுவது எளிது, நிலம் எடுக்கும் சிக்கல் குறைவு. மரத்தின் விலை மதிப்பீட்டில் விறகாக மட்டுமே கணக்கிடப்படுவதால், அதைக் காப்பாற்ற யாரும் கூடுதலாக உழைப்பதில்லை. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

இடமிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. மரவரிசையைத் தாண்டி மறுபுறத்தில் புதிய தடம் போட்டு, அந்த வரிசையையே நடுத்திட்டாக்கிவிடலாம். உங்கள் சாலைக்கு அவ்வளவு நிலம் கிடைக்குமா என்பது ஐயமே. ஆனாலும் கேட்டுப் பாருங்கள்.

மரத்தை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவதாகச் சொன்னால், எந்த மரம் என்று பாருங்கள். ஆல், அரசு, அத்தி ஆகியவை போத்து, அதாவது கிளைத் துண்டு, வெட்டி நட்டாலே துளிர்ப்பவை, எனவே பெயர்த்து நட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். ஆழ வேர் விட்ட முதிய புளிக்கு அந்த வாய்ப்பு குறைவு. வேர்களையும் கிளைகளையும் ஒட்ட வெட்டி, கட்டையைக் குழியில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டால், அடுத்த கோடையில் வந்து பார்ப்பவர் இல்லை.

தப்பிய மரங்களையும் பின்னாளில் நாமே கொல்கிறோம் என்பதை இங்குச் சொல்லியாக வேண்டும். அடிமரத்தை ஒட்டித் தார் அல்லது கான்கிரீட் போட்டால் வேருக்கு நீரும் காற்றும் போகாது. குடையின் விளிம்புவரை, அதைத் தாண்டியும், வேர் பரவியிருக்கிறது. வடிகால் தோண்டும் இயந்திரம் ஒருபக்க வேரை அறுத்துவிட்டால், அந்த மரம் அடுத்த புயலில் அந்தப் பக்கமாகவே சாயும். பிறகு, சாலையோர மரம் ஆபத்து என்று அதையே சான்றாகக் காட்டுவார்கள். ஒப்பந்த நிபந்தனையில் ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் மண் விட வேண்டிய அளவை எழுதச் சொல்லுங்கள். மரத்தில் ஒளிப்பட்டை ஒட்டச் சொல்லுங்கள். விளம்பரப் பலகைக்கு ஆணி அடிப்பதைத் தடுக்கச் சொல்லுங்கள்.


கரந்தமலை
ஜூலை 7, இரவு 9.30

மூவருக்கும் என் நன்றி. பொறியாளர் ஐயா சொன்ன ஒருபுற விரிவாக்கத்தைப் பற்றி எங்கள் ஊரில் எவரும் வாய் திறக்கவில்லை. சாலையின் மேற்கே முக்கால் பங்கு தூரத்துக்குப் புறம்போக்கு நிலம் இருக்கிறது. கிழக்கே வயல்கள். அப்படியானால் மேற்கே விரித்துக் கிழக்கு வரிசையைக் காக்க முடியும் என்று நினைக்கிறேன். புளிச்சந்தை அம்மா கேட்ட கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். விளக்கக் கூட்டத்தில் கொட்டை தட்டும் பெண்கள் ஒருவரும் இல்லை. கூட்டம் பகல் 11 மணிக்கு வைக்கப்பட்டது, அவர்கள் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள்.

இதை யாரிடம், எந்த முறையில் எழுதிக் கொடுப்பது? தவிர்க்க முடியாமல் வெட்டப்படும் மரங்களுக்கு ஈடாக எதைக் கேட்பது?


மதுரை வழக்கறிஞர்
ஜூலை 8, காலை 9.10

நண்பரே, அரசு நிலத்தில் உள்ள மரங்களை வெட்டும் கோரிக்கைகளைப் பார்ப்பதற்கென்றே 2021இல் தமிழ்நாட்டில் மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் பசுமைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர். எனவே உங்கள் மனுவை ஆட்சியருக்கு, மாவட்டப் பசுமைக் குழுவின் தலைவர் என்ற முறையில் எழுதுங்கள். அதற்கு முன், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். சாலையின் வரைபடம், எண் இடப்பட்ட மரங்களின் பட்டியல், குழு அனுமதி தந்திருந்தால் அதன் படி ஆகியவற்றைக் கேளுங்கள். இவற்றைவிட முக்கியமாக, கடந்த ஐந்தாண்டுகளில் இதே மாவட்டத்தில் வெட்டிய மரங்களுக்கு ஈடாக நடப்பட்ட கன்றுகள் எந்த இடத்தில் உள்ளன, அவற்றில் இன்று எத்தனை உயிரோடு உள்ளன என்று கேளுங்கள். 30 நாளில் விடை தர வேண்டும். இன்றே அனுப்பினால் கிராம சபைக்கு முன் கையில் கிடைக்கும்.

உங்களுக்குப் பயன்படும் இரண்டு செய்திகள் உச்ச நீதிமன்றத்திலிருந்து உண்டு. மேற்கு வங்கத்தில் இரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டும் வழக்கில் நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு ஓர் அறிக்கை தந்தது. ஒரு மரத்தின் பண மதிப்பை ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்று கொண்டு, அதை மரத்தின் வயதால் பெருக்க வேண்டும் என்றது அக்குழு. அதன்படி நூறு வயது மரத்தின் மதிப்பு 74 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். ஈட்டுக் கன்றுகளைப் பற்றியும் அக்குழு பேசியது. சிறிய கவிகை உள்ள மரத்துக்கு 10, நடுத்தரமானதற்கு 25, பெரியதற்கு 50 என்பது அதன் பரிந்துரை. ஆசிரியை அவர்கள் மரத்தை எண்ணாதீர்கள், கவிகையை அளந்திடுங்கள் என்று சொன்னதும் இதுவும் ஒரே திசையில் செல்வதைக் கவனியுங்கள். அந்த அறிக்கை சட்டமாகிவிடவில்லை. சட்டம் என்று சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம். வல்லுநர் கருத்து என்று சொல்லுங்கள், அதுவே போதிய வலிமை உடையது.

அடுத்தது 2025 மார்ச்சில் வந்த உத்தரவு. உத்தரப் பிரதேசத்தில் மதுரா, பிருந்தாவனம் பக்கம் அனுமதியின்றி 454 மரங்களை வெட்டிய நில உரிமையாளருக்கு மரம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் வீதம் தண்டம் விதிக்கும் பரிந்துரையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்தப் பசுமையை மீண்டும் உருவாக்கக் குறைந்தது நூறு ஆண்டுகள் ஆகும் என்றும் கூறியது. உங்கள் சாலையில் நடப்பது அரசுப் பணி, அனுமதி பெற்றே நடக்கும், எனவே வழக்கின் சூழல் வேறு. ஆனால் நூறு ஆண்டு என்ற அந்தக் காலக்கணக்கு உங்களுக்கும் பொருந்தும்.

சாலையோரம் மரம் நடுவது ஆள்வோரின் கடமை என்ற எண்ணம் இந்த மண்ணில் மிகப் பழையது. மக்களுக்கும் விலங்குகளுக்கும் நிழல் வேண்டி வழியோரம் ஆலமரங்களை நடச் செய்ததாக அசோகர் கல்லிலே வெட்டிவைத்தார். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் அமைத்த சாலைகளை நம் பக்கத்து மக்கள் இன்றும் மரங்களோடு சேர்த்தே நினைவுகூர்கிறார்கள். மனுவின் முதல் பத்தியில் இதற்கு இரண்டு வரி ஒதுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.


நாற்றங்கால்
ஜூலை 8, பிற்பகல் 2.50

ஈடாக என்ன கேட்பது என்ற கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். நான் பதினாறு ஆண்டுகளாகக் கன்று வளர்த்து விற்கிறேன். ஆயிரக்கணக்கில் நட்டும் இருக்கிறேன். கன்றின் எண்ணிக்கையைப் பற்றிப் பேரம் பேசாதீர்கள், தண்ணீரைப் பற்றிப் பேசுங்கள். நடும் நாளில் எல்லாரும் வருவார்கள். மூன்று கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பதுதான் கேள்வி. ஓரடிக் கன்றுகள் பத்தைவிட, எட்டடி உயரத்துக்கு வளர்த்த, ஆடு எட்டாத கன்று இரண்டு மேல். இரண்டடிக் குழி, கூண்டு, கோடையில் வாரத்துக்கு இருமுறை லாரித் தண்ணீர், பட்டுப்போனதற்குப் பதில் அதே பருவத்தில் மாற்றுக் கன்று. இவற்றுக்கான தொகையைச் சாலை ஒப்பந்தத்திலேயே மூன்றாண்டுகளுக்கு ஒதுக்கி, ஊராட்சி கையெழுத்திட்டால்தான் விடுவிப்பது என்று எழுதிக் கேளுங்கள்.

எந்த மரம் என்பதும் முக்கியம். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் வீசியபோது, அழகுக்காக நட்ட வெளிநாட்டு மரங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்ததை நான் நேரில் பார்த்தேன். வேம்பும் புங்கனும் கிளை முறிந்தும் நின்றன. உங்கள் பக்கத்துச் செம்மண்ணுக்கு வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை, மருது ஆகியவற்றைக் கலந்து நடுங்கள். மருதும் நாவலும் வாய்க்கால் பக்கம் செழிக்கும். இடம் அகன்ற சந்திப்பில் ஓர் ஆலோ அத்தியோ இருக்கட்டும். மற்ற மரங்கள் பழுக்காத மாதங்களிலும் அவை பழுத்துப் பறவைகளுக்கு உணவு தரும். புளி வெளியிலிருந்து வந்த மரம்தானே, ஆப்பிரிக்காவைச் சேர்ந்ததுதானே என்று ஒருவர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் அது வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது, சீமைக்கருவேலத்தைப் போல நிலத்தை அடைத்துக்கொள்ளவில்லை.

மரம் என்றாலே எங்கும் நன்மை என்று நான் நம்புவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீலகிரியின் புல்வெளிகளில் தைல மரத்தை நட்டதால் ஓடைகளின் நீர்வரத்து குறைந்ததை ஊட்டியில் நடந்த நீண்டகால ஆய்வுகள் பதிவு செய்தன. உங்கள் ஈட்டுக் கன்றுகளைக் கண்மாய்க்குள்ளோ மேய்ச்சல் புறம்போக்கிலோ கொண்டுபோய் நட்டு எண்ணிக்கையை நிரப்ப விடாதீர்கள். நீர் நிற்க வேண்டிய இடத்தில் நீரும், மாடு மேயும் இடத்தில் புல்லும் இருக்கட்டும். வெட்டியது சாலையோரத்தில் என்றால், நடுவதும் அதே சாலையோரத்தில் இருக்க வேண்டும்.


கரந்தமலை
ஜூலை 14, இரவு 8.50

ஒரு வாரத்தில் நடந்ததைத் தெரிவிக்கிறேன். தகவல் உரிமை விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். நேற்று காலை 6 மணிக்குப் பள்ளி மாணவர்கள் ஒன்பது பேரும் நானும் நாடாவோடு கிளம்பி, கிழக்கு வரிசையின் 118 மரங்களையும் அளந்தோம். ஒவ்வொன்றுக்கும் சுற்றளவும், இரு திசைகளில் குடையின் அகலமும் எழுதியிருக்கிறோம். ஆசிரியை அம்மா சொன்னபடி பரப்பைக் கணக்கிடும் பொறுப்பைப் பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள். மேற்கு வரிசை அடுத்த ஞாயிறு. இரண்டு வளைவுகளின் உட்புறத்தில் பார்வையை மறைக்கும் 14 மரங்களை விட்டுத்தருவதாக நாங்களே பட்டியல் போட்டிருக்கிறோம். அந்தப் பட்டியலை எழுதும்போது கை நடுங்கியது.

புளி தட்டும் வீடுகள் எங்கள் ஊரில் மட்டும் 37. அவர்களில் இருபது பேராவது கிராம சபைக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அன்று சுதந்திர தினம், வேலை இல்லை.

நாலு மீட்டர் சுற்றளவு என்று எழுதினேனே, அந்த மரம் கிழக்கு வரிசையில்தான் இருக்கிறது. அதை அளக்கும்போது தலைக்கு மேலே இருந்த பொந்திலிருந்து புள்ளி ஆந்தை ஒன்று எட்டிப் பார்த்தது. பிள்ளைகள் பட்டியலில் அதற்கென்று தனிப் பத்தி ஒன்று சேர்த்திருக்கிறார்கள். இதுவரை 23 மரங்களில் பொந்து உள்ளது. அவற்றில் எதில் என்ன பறவை என்று பார்த்து எழுத, பறவைகளை அறிந்தவர் எவரேனும் ஒரு மாலை வந்து உதவ முடியுமா?